நூறு கறுப்புப் படங்கள்

நடு ராத்திரி வரை மொட்டை மாடிப் பனியில் காமிராவோடு உட்கார்ந்திருந்த மகன் மேல் எனக்குக் கோபமான கோபம். எடுத்த நூறு படமும் ஒரே இருட்டு! "இதுக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டே? அழிச்சுப் போடு" என்றேன்.

"பொறும்மா" என்றவன், நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்கிச் சராசரி எடுத்தான். படத்துக்குப் படம் மாறுகிற வெறும் புள்ளிகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. இடம் மாறாத ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலம் மங்கலான முட்டை வடிவில் மெள்ளத் தெரிந்தது. அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 25 லட்சம் வருஷமாச்சாம்!

இப்போது மாடி விளக்கை அணைப்பதே நான்தான். கூடவே கம்பளியும், ஃபிளாஸ்கில் சுக்குக் காபியும். சகோதரிகளே, பிள்ளைகள் செய்வதை 'வீண்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்!