வண்டிக்கும் அடக்க விலை உண்டு



ஒரு மூட்டைத் துவரம்பருப்பை பில்லில் கண்ட விலைக்கே அடக்கம் போடுகிற மளிகைக்காரர் நம்மில் யாரும் இல்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம், கடன் சரக்கென்றால் வட்டி என்று எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் கிலோ என்ன விலை விழுகிறது என்று பார்க்கிறோம். பருப்புக்கு இத்தனை கணக்குப் பார்க்கும் நாம், சரக்கு வண்டியும் ஜெனரேட்டரும் வாங்கும்போது மட்டும் பில் விலையோடு நின்றுவிடுகிறோம். இது சரிதானா என்று சிந்திக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று மாலை முதல் ஞாயிறு வரை நடக்கும் வியாபாரம்தான் நம் கடைகளுக்கு உயிர். காங்கயத்திலிருந்து எண்ணெயும் அரிசியும் ஏற்றி வரவேண்டிய வண்டி சனிக்கிழமை காலையில் பட்டறையில் நின்றால், நட்டம் ரிப்பேர் பில்லோடு முடிவதில்லை. சரக்கு இல்லை என்று திரும்பிப் போகும் வாடிக்கையாளர் அடுத்த கடையில் கணக்குத் தொடங்கிவிடுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வண்டிகளில் ஒன்று 40,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அது மாதத்தில் இரண்டு நாள் நின்று, அந்த நாட்களில் வாடகை வண்டிக்கு 1,000 ரூபாய் வீதம் கொடுத்தால், மாதம் 2,000 போயிற்று. இருபதே மாதத்தில் மிச்சம் பிடித்த 40,000 கரைந்துவிடும். உதிரிபாகச் செலவும், விற்கும்போது குறைகிற விலையும் இதில் சேரவில்லை. வண்டியையோ ஐந்தாண்டு, ஏழாண்டு ஓட்டப்போகிறோம்.

ஆகவே விலை கூடியதுதான் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 விலையுயர்ந்த வண்டியல்ல. ஆனாலும் இரண்டு தலைமுறை மளிகைக்காரர்களுக்கும் பால்காரர்களுக்கும் அதுவே வாகனமாக இருந்தது. காரணம், எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார். எந்த ஊரிலும் அதற்கு சாமான் கிடைக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் வாயில் 'குட்டியானை' ஆனதற்கும் இதே காரணம் உண்டு. ஆனால் முக்கால் டன், அதாவது 25 கிலோ மூட்டை முப்பது என்று வடிவமைத்த வண்டியில் அறுபது மூட்டை அடுக்கிவிட்டு, பட்டையும் ஆக்ஸிலும் போய்விட்டது என்று கம்பெனியைத் திட்டுவது நியாயமல்ல.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் நிலைமை சற்று மாறியிருக்கிறது. கார்புரேட்டர் போய், சென்சாரும் எலக்ட்ரானிக் முறையில் எரிபொருள் செலுத்துவதும் வந்துவிட்டன. சில கோளாறுகளை மரத்தடி மெக்கானிக் கையால் தீர்க்க முடியாது. கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனவே, "என்ன விலை?" என்று கேட்கும் முன் "சர்வீஸ் எங்கே, சாமான் எத்தனை நாளில் வரும்?" என்று கேட்க வேண்டும்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. முறையாக வரி கட்டும் வணிகர் தொழிலுக்கு வாங்கும் சரக்கு வண்டியின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. ஒரே வண்டியானாலும் இருவருக்கும் அடக்கம் வேறு.

ஜெனரேட்டர் கதை தனி. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்ற காலத்தில், கிடைத்ததை வாங்கிப் போட்டவர்கள் பலர். இன்று அவை மூலையில் சும்மா கிடக்கின்றன. பனி கொட்டும் கனடாவில் வாசல் பனியை அள்ளி வீச ஓர் இயந்திரம் வைத்திருப்பார்கள். கோடை முழுதும் தூங்கும் அது, முதல் பனி விழுந்த காலையில் உடனே கிளம்ப வேண்டும். நம் ஜெனரேட்டரும் அப்படித்தான். ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் உருகும் நேரத்தில் கிளம்பாத இயந்திரம் எவ்வளவு மலிவாக வாங்கியதானாலும் தண்டம். மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுங்கள். பெட்ரோல் இயந்திரமானால் நெடுநாள் நிறுத்தும்போது எண்ணெயை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். பேட்டரியையும் கவனியுங்கள்.

"கையில் முதல் இல்லாதவன் என்ன செய்வான்?" என்று சிறு வணிகர் கேட்பது நியாயமே. அவருக்கு நாம் சொல்வது இதுதான்: பேர் தெரியாத புது வண்டியைவிட, ஊரறிந்த வண்டியைப் பழையதாக, நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்குவது மேல். தவணை சுலபம் என்பதற்காக வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். உறுப்பினர்கள் தத்தம் வண்டி, ஜெனரேட்டர், தராசு, ஃப்ரீஸர் ஆகியவற்றின் வாங்கிய ஆண்டு, ரிப்பேர்ச் செலவு, நின்ற நாட்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவில் வைத்தால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை நமக்குத் தெரிந்துவிடும். புதிதாக வாங்கப்போகிறவர் ஷோரூமுக்குப் போகும் முன் அந்த நோட்டைப் புரட்டட்டும்.

சரக்கில் அடக்கம் தெரியாதவன் கடை நிலைக்காது என்பது நம் பெரியவர்கள் கற்றுத் தந்த பாடம். சரக்கைச் சுமக்கும் வண்டிக்கும் அதே பாடம்தான்.