அழாத தாய்



மௌத்து வீட்டிற்குச் சென்று திரும்பும் வழியில் நாம் பேசுவது பெரும்பாலும் இறந்தவரைப் பற்றியா? இல்லை, யார் எவ்வளவு அழுதார்கள் என்பதைப் பற்றித்தான். தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் என நம் முத்துக்குளித்துறை ஊர்கள் எதுவும் இதற்கு விலக்கல்ல. “பெற்றவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையே” என்று ஒருத்தி சொன்னால் போதும்; அஸருக்குள் அது தெரு முழுவதும் பரவிவிடும்.

அதே பேச்சை ஒரு நாடே பேசினால் என்ன நேரும்? தில்லியை அடுத்த நொய்டாவில் நேர்ந்ததைக் கேளுங்கள்.

பல் மருத்துவத் தம்பதியரான ராஜேஷ் தல்வார், நூபுர் தல்வார் ஆகியோரின் ஒரே மகள் ஆருஷி. 14 வயது நிறைவடையச் சில நாட்களே இருந்த நிலையில், 2008 மே 16 காலையில் தன் படுக்கையறையில் கொலையுண்டு கிடந்தாள். வீட்டு வேலையாளான நேபாளத்து ஹேம்ராஜைக் காணவில்லை. அவர்தாம் கொலையாளி எனப் போலீசார் எண்ணினர். மறுநாளோ, அதே வீட்டு மொட்டை மாடியில் அவருடைய சடலமும் கிடந்தது! பூட்டிக் கிடந்த மாடிக் கதவை முதல் நாளே திறந்து பார்த்திருக்க வேண்டாமா? செய்தியாளரும் அக்கம்பக்கத்தாரும் அந்த வீட்டிற்குள் தடையின்றி நடமாடினர். தடயங்கள் என்ன கதியாகியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மே 23 அன்று தந்தை கைதானார். மறுத்துப் பேச வாயற்றுப் போன அச்சிறுமியின் ஒழுக்கத்தைப் பற்றிக்கூட ஓர் உயர் போலீஸ் அதிகாரி செய்தியாளர்களிடம் பேசினார். கணவர் சிறையிலிருக்க, நூபுர் தொலைக்காட்சியில் தோன்றி நிதானமாகப் பதிலளித்தார். அந்த நிதானமே அவர்மீது குற்றமாகச் சுமத்தப்பட்டது. “பெற்ற தாய் இப்படியா பேசுவாள்?” என்று நாடெங்கும் கேட்டனர். துக்கம் சிலரைக் கதற வைக்கும், சிலரைக் கல்லாக்கிவிடும். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய்மார்களைக் கண்ட நமக்கு இது புதிதா?

வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. ஜூலையில் ராஜேஷ் ஜாமீனில் வந்தார். போதிய ஆதாரம் இல்லை என்று கூறி, 2010 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்கை முடித்துக்கொள்ள முனைந்தது. ஆனால் அதே அறிக்கையில் தந்தைமீது சந்தேகத்தையும் எழுதி வைத்தது. முடிக்காதீர்கள், மேலும் விசாரியுங்கள் என்று பெற்றோர் முறையிட்டனர். நீதிமன்றமோ அந்த அறிக்கையையே குற்றப்பத்திரிகையாக ஏற்று, முறையிட்டவர்களையே கூண்டில் நிறுத்தியது. இதற்கிடையே 2011 ஜனவரியில், காஸியாபாத் நீதிமன்ற வளாகத்தில், இவ்வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இளைஞன் ராஜேஷை வெட்டுக்கத்தியால் தாக்கினான்.

2013 நவம்பரில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தாஸ்னா சிறையில் அவர்கள் கைதிகளுக்குப் பல் வைத்தியம் பார்த்தனர். 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம், சந்தர்ப்ப சாட்சியங்கள் குற்றத்தை நிரூபிக்கவில்லை எனக் கூறி இருவரையும் விடுவித்தது. விடையை முன்னரே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதைப் போலக் கீழ் நீதிமன்றம் நடந்துகொண்டதாக நீதிபதி ஒருவர் கண்டித்தார். நான்கு நாட்கள் கழித்து அவர்கள் வெளியே வந்தனர்.

ஹேம்ராஜையும் இங்கே மறந்துவிடலாகாது. வழக்கிற்கு வழங்கும் பெயரில்கூட ஆருஷிதான் இருக்கிறாள், கொலையுண்டவர்கள் இருவர். அவருடைய மனைவி, உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2018இல் சி.பி.ஐ.யும் மேல்முறையீடு செய்தது.