ஆய்வேட்டின் நன்றியுரை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் முகப்பில், நெறியாளர் சான்றிதழும் ஆய்வாளர் உறுதிமொழியும் இருக்கும் இடத்திலேயே நன்றியுரையும் வருகிறது. அதை யாரும் மதிப்பிடுவதில்லை. பழைய ஆய்வேட்டைப் பார்த்துப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதுவோரும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் எனப் பதவி வரிசையில் நன்றி நீள்கிறது. கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ பழைய இதழைத் தேடி எடுத்துத் தந்த ஊழியர், களப்பணியில் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்கில் பேசிய தகவலாளர், இயல்தோறும் படித்துப் பிழை சுட்டிய சக ஆய்வாளர் ஆகியோர் ‘உதவிய அனைவருக்கும்’ என்ற ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றனர். இது நியாயமன்று. நெறியாளருக்குச் சூட்டும் அடைமொழிகளைவிட, எந்த இயலின் வாதத்தை அவர் திருத்தினார் என்னும் ஒரு வரி மதிப்புடையது. ஆய்வு உருவான வழியைப் பின்வருவோருக்கு அது காட்டும். ‘சோத்கங்கா’ மின்களஞ்சியத்தில் ஆய்வேடுகளை, நன்றியுரையோடு, எவரும் படிக்கலாம். ஆகவே உதவியவர் இசைந்தால், அவர் பெயரையும் செய்த உதவியையும் ஆய்வாளர்கள் தெளிவாக எழுத வேண்டும்.