கண்ணைத் தளர்த்துங்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்

இலக்கியம் பேசுகிற இந்தப் பக்கத்தில் டென்னிஸ் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஒரு குழந்தையின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்வதற்கு எங்கள் கண்ணெதிரே ஓர் எழுத்தாளரின் பெயர் சாட்சியாக அழைக்கப்பட்டது. அந்த எழுத்தாளர் நாம் எல்லோரும் படித்து மதிக்கிறவர். ஆகவே பதில் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.

ஆண்டுக்கொருமுறை நண்பர்கள் கூடிப் புத்தகம் பேசும் வழக்கப்படி கொடைக்கானலில் தங்கியிருந்தோம். மே மாதக் காலை. விடுதியை அடுத்திருந்த களத்தில் கோடை முகாம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் நால்வரின் மூக்குக்கண்ணாடிகள் ஒரு நெகிழித் தட்டில் வாங்கி வைக்கப்பட்டன. பிறகு எல்லோரும் கிழக்கு நோக்கி நின்று, மரங்களுக்கு மேலே எழுந்திருந்த சூரியனை இமைக்காமல் பார்க்கும்படி பணிக்கப்பட்டார்கள். அதன்பின் ஆட்டம் தொடங்கியது. கண்ணாடி இழந்த ஒரு சிறுமி, வந்த பந்துகளையெல்லாம் தவறவிட்டாள். "நீ கண்ணை இறுக்குகிறாய், அதுதான் உன் நோய். தளர்த்து, தானாகத் தெரியும்" என்று பயிற்சியாளர் மீண்டும் மீண்டும் சொன்னார். அவள் முகம் சிறுத்துக்கொண்டே போனது. தனக்குக் கண் தெரியாதது தன் மனத்தின் குற்றம் என்று அவள் நம்பத் தொடங்கிவிட்டாள் என்பதை வேலிக்கு வெளியே நின்ற எங்களால் காண முடிந்தது.

நாங்கள் ஆட்சேபித்தபோது அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான். "ஆல்டஸ் ஹக்ஸ்லியே எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள்" என்றார்.

படித்திருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். டென்னிஸில் பார்வை தளர்ந்திருக்க வேண்டும் என்பது வெறும் வேதாந்தம் அன்று. அதற்குக் கணக்கு இருக்கிறது. களத்தின் நீளம் 23.77 மீட்டர். நல்ல வேகத்தில் தொடுக்கப்பட்ட சர்வீஸ் எதிராளியை எட்ட அரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. நகரும் பொருளை வழுவழுப்பாகப் பின்தொடரும் ஆற்றல் கண்ணுக்கு விநாடிக்குச் சுமார் 100 பாகை வரைதான். பந்து அருகே வரவரக் கடக்கும் கோணம் அதைப் பலமடங்கு மீறிவிடும். எனவே "கடைசி வரை பந்தைப் பார்" என்று களத்துக்குக் களம் ஒலிக்கும் கட்டளை, சொல்லுக்குச் சொல் நிறைவேற்ற இயலாத கட்டளை. மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியாட் இருவரும் 2000ஆம் ஆண்டில் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவை ஆராய்ந்து காட்டியது இதைத்தான். தேர்ந்த ஆட்டக்காரர் பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தைக் கூர்ந்து பார்க்கிறார். பிறகு, அது தரையில் எழும்பப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவவிட்டுக் காத்திருக்கிறார். பார்வையின் திறமை துரத்துவதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது.

காத்திருப்பவனுக்குப் பதற்றம் ஆகாது. முறைத்துப் பார்ப்பவன் இமைப்பதை மறக்கிறான், கண் உலர்கிறது. கழுத்தும் தோளும் சேர்ந்து இறுகுகின்றன. எதிராளியின் தோளும் இடுப்பும் தரும் முன்குறிப்புகள் அவனுக்குத் தப்பிவிடுகின்றன. திமோதி கால்வே 1974இல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' நூலின் சாரம் இதுவே. பந்தின் தையலைக் கவனி, பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் ஒரு சொல் என வாய்விட்டுச் சொல் என்கிறார் அவர். தன்னைத் தானே அதட்டிக்கொண்டிருக்கும் மனத்துக்கு ஒரு சிறுவேலை கொடுத்து அப்பால் உட்காரவைக்கும் உபாயம் அது. 1975 விம்பிள்டன் இறுதியில் ஜிம்மி கானர்ஸை எதிர்கொண்ட ஆர்தர் ஆஷ், பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருந்ததை உலகம் பார்த்தது. அவர் வென்றார்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதியை எட்டிய ராமநாதன் கிருஷ்ணனிடம் மிரட்டும் சர்வீஸ் கிடையாது. பந்து எங்கே வரும் என்பதை முன்னரே கண்டு, அவசரமின்றி அங்கே சென்று நிற்கும் ஆட்டம் அவருடையது. அந்த நிதானம் கண் பயிற்சி வகுப்பில் பெற்றதன்று. தந்தை டி.கே. ராமநாதனிடம் சிறுவயது முதல் அடித்துப் பழகிய எண்ணற்ற பந்துகளிலிருந்து விளைந்தது. தளர்ச்சி என்பது பழக்கத்தின் கனி. அதையே பழக்கத்துக்குப் பதிலாக விற்கிறவர்களோடுதான் எங்கள் சண்டை.

இப்போது மறுபாதிக்கு வருவோம். கண் தளர்ந்தால் கிட்டப்பார்வை தீரும், கண்ணாடி வேண்டாம் என்னும் கொள்கையின் மூலவர் நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ். 1920இல் வெளியான அவருடைய நூல், பார்வைக் கோளாறுகளுக்கெல்லாம் மன இறுக்கமே காரணம் என்றது. விழிவில்லைக்குக் குவிப்பதில் பங்கில்லை, விழிக்கோளத்தைச் சூழ்ந்த தசைகளே அதை நீட்டிக் குறுக்கிப் பார்வையைக் குவிக்கின்றன என்றது. ஆனால் குவிப்பது வில்லைதான் என்பதைத் தாமஸ் யங் 1801இலேயே சோதனைகளால் நிறுவியிருந்தார். கண்புரை அறுவையில் வில்லை நீக்கப்பட்டவர்கள் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாற்றிக் குவிக்க இயலாமல் போவது எந்தக் கண் மருத்துவமனையிலும் தெரிந்த செய்தி. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் சற்றே நீண்டுவிட்டதன் விளைவு. நீண்ட கோளத்தை நிம்மதி குறுக்காது.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், கொடைக்கானலின் பனிமூட்டமே போதும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து கோக்கர்ஸ் வாக்கையும் ஏரியையும் விழுங்கிவிடும்போது கண்ணுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இராது. பேட்ஸ் சொன்னது சரியானால், எதையும் உற்றுநோக்காத அந்தக் கண்தான் தொலைதூரத்துக்கு மிகத் தெளிவாக இருக்க வேண்டும். நடப்பதோ வேறு. பார்க்கப் பொருளில்லாத வெளியில் கண்ணின் குவியம் முடிவிலிக்குப் போவதில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் அருகில் வந்து தங்கிவிடுகிறது. மேகத்துக்குள் பறக்கும் விமானிகளுக்கு இதை எச்சரிக்கையாகவே கற்பிக்கிறார்கள். ஆகவே மூட்டத்தில் ஆடுகிறவன் கண்ணைச் சும்மா விட்டுவிடக் கூடாது. வலையின் மேல்விளிம்பையோ எதிராளியின் மட்டையையோ பற்றிக்கொண்டு, அங்கே பார்வையை நிறுத்திவைக்க வேண்டும். தளர்வு வேறு, கைவிடுதல் வேறு.

மலைக்களத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி அங்கே கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தின் வேகத்தைத் தடுக்கக் காற்று போதாது. அது வேகமாகவும் நீளமாகவும் வருகிறது. 1219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று தனிவகைப் பந்தையே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகள் வகுத்திருக்கின்றன. சமவெளிப் பிள்ளைகளை இவ்வளவு உயரத்துக்கு அழைத்துவந்து, முதல் நாளே கண்ணாடியையும் பறித்துக்கொண்டு, பந்து தெரியவில்லையென்றால் உன் மனம்தான் காரணம் என்பது எந்த நீதியில் சேர்த்தி?

சூரியனைப் பார்க்கச் சொன்னது இதனினும் கொடுமை. பேட்ஸ் அதைப் பரிந்துரைத்தார். பின்வந்த சீடர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காட்டினால் போதும் என்று திருத்திக்கொண்டார்கள். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையில் நிரந்தர வடு வாங்கியவர்களின் கதை மருத்துவ நூல்களில் ஏராளம். மலை உயர உயரப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. எந்த ஊரில் இதைச் செய்கிறோம் என்பதையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம். 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கும் ஊர் அது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துவரும் அந்த இடத்தில் யாரும் சூரியனை முறைத்துப் பார்ப்பதில்லை. திரையிலும் ஒளிப்படத் தகட்டிலும் நிறமாலையிலும் வாங்கிப் பார்க்கிறார்கள்.

இனி ஹக்ஸ்லி. பதின்வயதில் நோயுற்றுப் பார்வையைப் பெருமளவு இழந்தவர் அவர். பேட்ஸ் முறையால் நன்மை கண்டதாக நம்பி 1942இல் 'தி ஆர்ட் ஆஃப் சீயிங்' எழுதினார். 1952இல் ஒரு விருந்தில் அவர் கண்ணாடியின்றி உரையைச் சரளமாகப் படித்துவந்ததையும், திடீரெனத் தடுமாறியதையும், காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோயும் பயனின்றிப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்ததையும் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பதிவு செய்திருக்கிறார். அவர் அதுவரை படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது செர்ஃபுக்கு அப்போதுதான் புரிந்தது. இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பார்வையை இழந்தவரின் நம்பிக்கைக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு மகத்தான நாவலாசிரியரின் தனிப்பட்ட ஆறுதல், பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு மருத்துவ ஆணை ஆகிவிடாது. இலக்கியத்தின் மதிப்பை அடகுவைத்து வாங்கக்கூடிய பொருள் அன்று அது.

நம் பக்கத்தில் இக்கொள்கை வேரூன்றியதற்குப் புதுச்சேரி ஒரு காரணம். பேட்ஸின் வழியைத் தழுவிய மருத்துவர் ஆர்.எஸ். அகர்வால் அரவிந்தர் ஆசிரமத்தில் கண் பயிற்சிப் பள்ளி நடத்தினார், நூல்களும் எழுதினார். அங்கு சென்று கண் ஓய்ந்து, தலைவலி நீங்கித் திரும்பியவர்கள் எங்கள் நண்பர்களிலும் உண்டு. ஓய்வுக்கு அந்தப் பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. கண் அளவு மாறியதா என்பதே கேள்வி.

ஒரு மறுப்பையும் நாங்களே எடுத்துவைக்கிறோம். டேவிட் மான் முதலியோர் கிரிக்கெட் மட்டையாளர்களுக்கு மங்கல் வில்லைகளை அணிவித்துச் சோதித்தபோது, சிறிதளவு மங்கல் ஆட்டத்தைப் பெரிதும் கெடுக்கவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் கண்ணாடி எதற்கு? அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெளிவான பார்வையோடு பழகித் தேர்ந்தவர்கள். எதிராளியின் உடலைப் படித்தே பந்தை ஊகிக்கக் கற்றவர்கள். அந்தப் பாடத்தை இப்போதுதான் தொடங்கும் குழந்தைக்கு எழுத்தே தெரியாதபடி செய்துவிட்டுப் படி என்பது முறையாகாது. மங்கல் கூடக்கூட, தேர்ந்தவர்களின் ஆட்டமும் சரிந்தது என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன.

கண்ணாடி ஆட்டத்துக்கு இழுக்கு என்கிறவர்கள் 1954ஐ நினைத்துக்கொள்ளட்டும். ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற ஆண்டு அது. அதே ஆண்டில் ஆடவர் பட்டத்தை வென்ற யாரோஸ்லாவ் ட்ரோப்னி கண்ணாடி அணிந்து ஆடியவர். 1968இல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஆஷும், பில்லி ஜீன் கிங்கும், பிற்காலத்து மார்ட்டினா நவரத்திலோவாவும் கண்ணாடியோடு ஆடியவர்களே. இடைவேளையில் கண்மூடி அமர்ந்த ஆஷுக்கும் கண்ணாடி போட்டு ஆடிய ஆஷுக்கும் இடையே எந்தப் பகையும் இருக்கவில்லை. இறுக்கம் ஒரு பிரச்சினை, கண்ணின் அளவு வேறொரு பிரச்சினை. இரண்டையும் குழப்பியதால்தான் அந்தக் களத்தில் நான்கு கண்ணாடிகள் தட்டில் கிடந்தன.

பயிற்சியாளர்களிடம் நாங்கள் கேட்பது மிகக் குறைவு. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் பிள்ளைகள் தொலைவில் நிற்கும் மரத்தைப் பார்க்கட்டும், நன்றாக இமைக்கட்டும், மூச்சை வெளியே விடட்டும். எதிராளி பந்தை எறியும்போது பந்தை மட்டும் முறைக்காமல் தோளையும் கையையும் சேர்த்துப் பார்க்கட்டும். மட்டை பந்தைத் தொடும் இடத்தில் தலை அசையாது நிற்கட்டும். எங்கே போயிற்று என்று அவசரமாக நிமிர வேண்டாம். இவை எல்லாவற்றையும் கண்ணாடி அணிந்தபடியே செய்யலாம். பகல் வெளிச்சத்தில் வெளியே கழிக்கும் நேரம் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது என்று ஆஸ்திரேலிய, தைவான், சீன ஆய்வுகள் கூறுகின்றன. ஆக, முகாம் நடத்துவதே நற்செயல்தான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

அன்று முகாம் முடிந்ததும் அந்தச் சிறுமி தட்டிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். எதிர்ச்சுவரில் பந்தை ஏழெட்டு முறை தனியாக அடித்துப் பார்த்தாள். ஒன்றும் தவறவில்லை. அதைப் பார்க்கப் பயிற்சியாளர் அங்கே இல்லை. அவர் இதைப் படிப்பாரானால், அடுத்த மே மாதம் அந்தத் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி வேண்டுகிறோம்.