நம் கையில் உள்ளதும் இல்லாததும்

பரீட்சை முடிந்த பின்னரும் பல வீடுகளில் அமைதி திரும்புவதில்லை. விடைத்தாள் கைவிட்டுப் போய்விட்டது. ஆயினும் பிள்ளைக்கு உறக்கமில்லை, தாய்க்கு உணவு இறங்குவதில்லை, தந்தையோ, “அந்த வினாவுக்கு என்ன எழுதினாய்?” என்று நாள்தோறும் விசாரிக்கின்றார். இவ்விசாரணையினால் எவருக்கேனும் ஒரு புள்ளி கூடியதுண்டா?

‘சும்மா இருத்தல்’ என்பதை நாம் சோம்பலின் மறுபெயராகவே கொண்டுவிட்டோம். “சும்மாதான் இருக்கிறான்” என்றால் அது வசை. சைவப் பெரியோரோ இச்சொல்லை மிக உயர்ந்த நிலையொன்றுக்கு வழங்கினர். அதன் பொருளை அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நல்லூர்த் தேரடியை நினைத்தாற் போதும்.

அங்கே வீற்றிருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பலர் பித்தரென்றே எண்ணினர். அவருக்கு ஆட்பட்டவர் யோகர் சுவாமிகள் (1872–1964). கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் பண்டகசாலைப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தவர் அவர். எல்லாம் என்றோ முடிவாகிவிட்டன, அதன் காரணம் நமக்குத் தெரியாது, ஆதலாற் கலங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே குரு காட்டிய நெறி. பின்னாளிற் கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகளிடம் படித்தவரும் பாமரரும் தத்தம் கவலைகளோடு சென்றனர்.

விதியின்மேற் பாரத்தைப் போட்டுவிட்டு உறங்கும் வழியன்றோ இது எனச் சிலர் வினவலாம். அன்று. அதே சுவாமிகளே தொண்டினையும் வலியுறுத்தினார். 1935இல் ‘சிவதொண்டன்’ இதழ் தோன்றியதும் அவர் வழிகாட்டலிலேயே. கை தன் வேலையைச் செய்யும். மனம் ஆரவாரமின்றி இருக்கும்.

நமது கமக்காரர் இதனை நன்கறிவர். உழுவதும் விதைப்பதும் வரம்பு கட்டுவதும் அவர் கடன். மாரி மழை அவர் ஏவலுக்கு வருவதன்று. முளை வந்ததா என்று அவர் தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதுமில்லை. பிள்ளைகளை வளர்க்கும்போது மட்டும் நாம் இதனை மறந்துவிடுகின்றோம். படிப்பு, தொழில், திருமணம் யாவற்றையும் நம் பிடியில் வைத்திருப்பதே அன்பு என்று கருதுகின்றோம்.

மாணவ மணிகளே! படிக்கும் வேளையில் முழு மனத்துடன் படியுங்கள். எழுதி முடித்ததும் பேனாவோடு கவலையையும் கீழே வையுங்கள். பெற்றோரே! மாலையில் விளக்கேற்றிய பின் பத்து நிமிடம் பிள்ளைகளோடு பேச்சின்றி அமர்ந்திருங்கள். பெறுபேற்றைப் பற்றி அப்பொழுது ஒரு சொல்லும் வேண்டாம். அது வரும் நாளில் வரும். எதுவாக வந்தாலும், அன்றும் அவ்வாறே பிள்ளையின் அருகில் அமர்ந்திருங்கள்.