புதுமையைக் காட்டியா கடவுளை நிறுவுவது?

திருவரங்கத்தில் இராசகோபுரத்தின் எதிரே பெரியாரின் சிலை நிற்கிறது. பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரமாக 1987-இல் நிறைவுற்ற கோபுரம் ஒருபுறம். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்லும் வாசகத்தைத் தாங்கிய பீடம் மறுபுறம். 2006 டிசம்பரில் அச்சிலை உடைக்கப்பட்டதும், அதே மாதத்தில் மீண்டும் நிறுவப்பட்டதும் நம்மூரார் அறிந்தவையே. சிலையை உடைத்தவர்கள் கடவுளுக்குச் சார்பாக ஏதோ செய்துவிட்டதாக எண்ணியிருக்கக் கூடும். கல்லை உடைத்தால் கேள்வி உடைந்துவிடுமா?

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், உறுதியான நாத்திகர். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே மாலை வேளைகளில் சந்தித்துக்கொள்வோம். "ஐயா, கடவுள் உண்டு என்பதற்குப் புதுமைகளைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். புதுமை நிகழ்ந்தது எப்படி என்றால், கடவுள் செய்தார் என்கிறீர்கள். இது வட்டம், நிரூபணம் அன்று" என்றார் ஒருநாள். உடனிருந்த நம்மவர் ஒருவர் உணர்ச்சிவயப்பட்டு, "வேளாங்கண்ணிக்கு வந்து பாருங்கள். கடல் பொங்கிய அன்று ஆலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?" என்று கேட்டார். நாத்திகர் மறுமொழி கூறவில்லை; தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனம் என்னை வாட்டியது. இக்கட்டுரை அந்த நாத்திகருக்கு எதிராக எழுதப்படுவது அன்று; நம்மவருக்கு எதிராக எழுதப்படுவது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். திருப்பலிக்கு வந்தவர்களும், நேர்ச்சை செலுத்த வந்தவர்களும், குழந்தைகளைக் கடல் காட்ட அழைத்துப் போனவர்களும் கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோரை அலை கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். ஆலயம் தப்பியது உண்மை. அது கரையிலிருந்து சற்றுத் தள்ளியும் இருக்கிறது. ஆனால் கட்டடம் தப்பியதைப் புதுமை என்று சொல்பவர், தாம் என்ன சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவரைக் காத்த இறைவன், அச்சுவரை நாடி வந்த தாயைக் கைவிட்டான் என்றல்லவா அதன் பொருள் ஆகிறது? அப்படிப்பட்ட கடவுளை மறுப்பதற்குப் பெரியார் வேண்டியதில்லை. மனச்சான்று உள்ள எவனும் மறுப்பான்.

நான் புதுமைகளை மறுப்பவன் அல்லேன். உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறவன் அவற்றை மறுத்தல் இயலாது. பிழைத்தவன் நன்றி கூறட்டும். அவனுடைய நன்றி அவனுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. ஆனால் அந்த நன்றியை எடுத்துப் பிறன் முகத்தில் சான்றாக எறியும்போது, இறந்தவர்கள் அனைவரும் எதிர்ச்சான்றாக எழுந்து நிற்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி.

திருச்சபையும் இந்த விளம்பர ஆர்வத்தை வளர்த்ததில்லை. நம் தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயம் ஓங்கி நிற்கிறதே, அந்த லூர்து நகரில் 1858-க்குப் பின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் நலம் பெற்றதாக அறிவித்திருக்கிறார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து, பின்னர் ஆயர்கள் புதுமை என ஏற்றவை எழுபது சொச்சமே. அங்கே ஐயுறுவதற்கென்று ஓர் அலுவலகமே இருக்கிறது! நம்மிடையே ஐயுறுபவனுக்குக் கிடைப்பது என்ன? 2012-இல் மும்பை வில்லே பார்லே பகுதியில், வேளாங்கண்ணி அன்னையின் பெயரால் அமைந்த ஆலயத்துக்கு வெளியே, பாடுபட்ட சிலையின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் அதைப் பிடித்துப் பருகினர். பகுத்தறிவாளர் சனல் எடமருகு நேரில் சென்று பார்த்து, அடைபட்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து நுண்துளைகள் வழியே ஏறிய நீர் அது என்றார். அவர்மீது கத்தோலிக்க அமைப்புகள் சில, சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் காவல்துறையில் புகார் அளித்தன. அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். லூர்தின் மருத்துவர்கள் செய்யும் வேலையைத்தானே அவரும் செய்தார்? கழிவுநீரைத் தீர்த்தம் என்று பருகாதபடி மக்களைத் தடுத்தவனுக்கு நன்றி கூறாமல் வழக்குத் தொடுத்தது எந்த நற்செய்தி காட்டிய வழி?

இனி, இயேசுவிடம் வருவோம். அவர் புதுமைகள் செய்தார். ஆகவே அவர் கடவுள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். இது வலுவற்ற வாதம். எலியா சாரிபாத்துக் கைம்பெண்ணின் மகனை உயிர்ப்பித்தார். எலிசா சூனேம் ஊர்ப் பெண்ணின் பிள்ளையை எழுப்பினார். அவர்களைக் கடவுள் என்று எவரும் வணங்கியதில்லை. நாசரேத்தில் நம்பிக்கையற்றோர் நடுவே இயேசுவால் வல்ல செயல் எதையும் செய்ய இயலவில்லை, ஒரு சிலரைக் குணமாக்கியது தவிர என்று மாற்கு ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கோவில் உச்சியிலிருந்து குதித்துக் காட்டச் சொன்னவன் அலகை. சிலுவையிலிருந்து இறங்கி வந்தால் நம்புவோம் என்றவர்கள் தலைமைக் குருக்கள். இரண்டு இடத்திலும் அவர் மறுத்துவிட்டார். நம் நற்செய்திப் பெருவிழா மேடைகளில் சிலர் கேட்பது அந்தக் குருக்கள் கேட்டதையே.

அப்படியானால் புதுமைகளையும் இறைத்தன்மையையும் விட்டுவிட்டு, அறவுரைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நயமான வழியும் சொல்லப்படுகிறது. இராசாராம் மோகன்ராய் 1820-இல் கல்கத்தாவில் அதைத்தான் செய்தார். நான்கு நற்செய்திகளிலிருந்து அறிவுரைகளைத் தொகுத்து, வல்ல செயல்களையும் கோட்பாடுகளையும் விலக்கி நூலாக்கினார். செராம்பூர் பாப்டிஸ்டுப் பணியாளர் மார்ஷ்மன் வெகுண்டெழுந்தார். வாதம் 1823 வரை நீண்டது. மோகன்ராயின் கண்ணியம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் நல்லாசிரியர் இயேசுவை ஏற்பது எளிது. நல்லாசிரியர்கள் நம் மண்ணில் பலர். ஒருவர் கூடினால் எவருக்கும் இழப்பில்லை. கடினமானது வேறொன்று. நகருக்கு வெளியே, குற்றவாளிகளோடு, ஆடையின்றித் தொங்கவிடப்பட்ட ஒரு தச்சனைச் சுட்டி, இவரே இறைவன் என்று சொல்வது. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று உரைத்தது யாரைப் பற்றி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டை 2025-இல் விழா எடுத்துக் கொண்டாடியபோதும் இது நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இதை விளங்கிக்கொள்ள உறையூர்க்காரர் ஒருவர் உதவுவார். பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வார் அரங்கத்துத் தீவில் கால் வைக்காமல் தென்கரையில் நின்று பாடினார் என்பது வைணவ மரபு. வழிவிடவில்லை என்று உலோகசாரங்கர் கல்லால் எறிந்தார். பின்னர் அரங்கனின் ஆணைப்படி அவரையே தோளில் சுமந்து சந்நிதிக்குள் கொண்டுசென்றார். இது நடந்ததா என்று என் கணித ஆசிரியர் கேட்பார், கேட்கட்டும். எறிந்தவன் சுமந்தான் என்னும் இப்புதுமையின் முன், தண்ணீர் சொட்டும் சிலை எம்மாத்திரம்?

நம் பக்கம் என்ன நடந்தது? வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பக்கமாக இரு கிளை விரித்துக் கட்டப்பட்டது, நடுவே சுவர். ஒரே பீடம், ஒரே அப்பம், இரண்டு பக்கம். அருள்தந்தை கௌசானல் 1910-இல் அச்சுவரை அகற்றினார். வேளாளர் தரப்பினர் திருச்சி ஆயர் பார்த் அவர்கள்மீதே வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றனர். அக்காலத்தில் அவ்வூர் நம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி 2010-இல் நாளேடுகள் எழுதின. அதை இடிக்க முனைந்து வந்தவர்கள் பெரியார் இயக்கத்தார்.

இயேசு இறைவன் இல்லை என்று மறுக்கும் நூல்கள் ஆயிரம் உண்டு. அவற்றுக்கு மறுப்பும் உண்டு. நகருக்கு வெளியே தள்ளப்பட்டவரே இறைவன் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிட்டுவிட்டு, தள்ளப்பட்டவனின் பிணத்தைக்கூடத் தள்ளி வைக்கும் சுவருக்கு எந்த இறையியலார் மறுப்பு எழுதுவார்? நிசேயாவை மறுத்த ஆரியுசு சொல்லால் மறுத்தார். நாம் செங்கல்லால் மறுத்தோம்.

படைப்பைக் கொண்டு பகுத்தறிவால் இறைவனை அறிய இயலும் என்று 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நானும் அதை நம்புகிறேன். அந்த வழியில் கணித ஆசிரியரோடு பல மாலைகள் நடந்திருக்கிறேன். காரணங்களின் தொடரைப் பற்றி அவர் பொறுமையாகக் கேட்பார். உலகம் ஏன் இல்லாமற்போகாமல் இருக்கிறது என்னும் கேள்வி பொருளுடையது என்றுகூட ஒருமுறை ஒப்புக்கொண்டார். ஆனால் அண்மையில் ஒருநாள் வேறு கேள்வி கேட்டார்.

"அந்தச் சுவரை இடிக்க எங்கள் ஆட்கள் வந்தார்களே, அப்போது உங்கள் கடவுள் எங்கே நின்றார்?"

"அவர்களோடு நின்றிருக்க வேண்டும்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, ஐயா. உங்கள் கோவிலில் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுப் பேருந்து ஏறினார். ஆகவே இங்கே எழுதுகிறேன்.