மூன்று காசுச் சண்டையும் கேட்பாரற்ற ஆறும்



உலகெங்கும் நீர்ப் பற்றாக்குறை பெருகி வருகிறது. அண்டை நாடுகள் நீருக்காக முறைத்துக்கொள்வதும் பெருகி வருகிறது. 1960-இல் கையெழுத்தான சிந்துநதி ஒப்பந்தம் போர்களையும் தாங்கி நின்றது; அதனையே 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. தொலைவில் நடப்பது நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியுமா? நம் ஜொகூர் ஆற்றுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அதைப் பற்றிய நம் நாட்டுப் பேச்சைத்தான் இங்கே கண்டிக்க விரும்புகிறேன்.

1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் நீர் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு, அதாவது ஏறத்தாழ 4,500 லிட்டருக்கு, நமக்குக் கிடைப்பது 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலனுக்கு 50 காசு கொடுத்து ஜொகூர் திரும்ப வாங்குகிறது. ஒப்பந்தம் 2061 வரை செல்லும்.

இந்த 3 காசுதான் நம் தலைவர்களுக்கு வற்றாத மேடைப்பொருள். 25 ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுஆய்வு செய்யலாம் என்பது நம் வாதம். 1987-இல் அதைச் செய்யாததால் அந்த உரிமை போய்விட்டது என்பது சிங்கப்பூரின் வாதம். 2003-இல் இரு தரப்பும் நூல் வெளியிட்டு வாதாடின. 2018-இல் மீண்டும் அதே குரல் எழுந்தது.

3 காசு மிகக் குறைந்த விலைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு அளவு நீரை எடுத்தாலும் நாளொன்றுக்கு 7,500 ரிங்கிட். பத்து மடங்கு உயர்த்தினால் 75,000 ரிங்கிட். அந்தப் பணம் வந்துவிட்டால் ஆறு தூய்மையாகிவிடுமா? வறட்சியில் நீர் ஊறிவிடுமா?

ஆற்றின் நிலையைச் சற்றே பாருங்கள்:

1. கடல்நீர் ஜொகூர் ஆற்றுக்குள் ஏறி வரும் இயல்புடையது. மேலிருந்து போதிய நன்னீர் வந்து அதனைத் தள்ளாவிட்டால், ஆற்றுநீர் உப்பாகிச் சுத்திகரிக்க இயலாமற் போகும். அதற்காகவே 1990 ஒப்பந்தத்தின்படி லிங்கியூ அணை கட்டப்பட்டது. 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்கு இறங்கியது.

2. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வறண்டது சிங்கப்பூர்க் குழாய் அன்று. கூலாய் வட்டார மக்களின் குழாய்!

3. நம் நாட்டில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கசிவாலும் திருட்டாலும் கட்டணம் பெறாமலே போகிறது. 3 காசுக்குக் கொதிக்கும் நாம், இதற்கு ஏன் வாய் திறப்பதில்லை?

அக்கரையையும் சொல்லவேண்டும். 'ஒப்பந்தம் ஒப்பந்தமே' என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் சிங்கப்பூர் நின்றுகொண்டால் போதாது. கழிவுநீரைத் தூய்மையாக்கும் 'நியூவாட்டர்' 2003-இல் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2005-இல் வந்தது. எனினும் ஜொகூர் ஆறு இன்னும் அவர்களுக்குத் தேவை. தேவைப்படும் ஆற்றைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு உண்டு. ஆற்றின் தூய்மையைப் பற்றி இரு அரசுகளும் அண்மை ஆண்டுகளில் பேசத் தொடங்கியிருப்பதை வரவேற்கிறேன். ஆயினும் மேடையில் கைதட்டல் பெறுவது இன்றும் 3 காசுதான்.

வெளியுறவுக் கொள்கை என்பது விலை பேசுவது மட்டுமா? நீர்ப்பிடிப்புக் காட்டை அழிக்காமல் விடுவதும், ஆற்றங்கரையில் ஆலைக்கு உரிமம் தருமுன் யோசிப்பதும் வெளியுறவுக் கொள்கையே. நம் வீட்டு ஆற்றைக் காக்கத் தெரிந்தவனுக்கே அண்டை வீட்டானிடம் உரிமையோடு பேச வாய் உண்டு.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வள்ளுவர் மழையை வைத்தார். அதனை நாங்கள் வகுப்பில் கற்பிக்கிறோம். 'குழாயை மூடுவோம்' என்று மாணவர்களும் கட்டுரை எழுதுகிறார்கள். ஆனால், அந்தக் குழாய்க்கு எந்த ஆற்றிலிருந்து நீர் வருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆசிரியர்களே, பெற்றோரே, முதலில் அதனைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளை, 2061-இல் நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். புதிய விலையைப் பேச அவன் தலைமுறை மேசையில் அமரும்போது, விற்பதற்கு ஆற்றில் நீர் இருக்குமா?

சிந்திப்போம்!